டி-ஸ்கோர் பரவாயில்லை என்கிறது, முதுகெலும்பு உடைந்திருக்கிறதே?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. ஏழு வாரங்களுக்கு முன் குளியலறையில் தண்ணீர் வாளியைக் குனிந்து தூக்கியபோது முதுகில் சுளீரென்று ஒரு வலி. சுளுக்கு என்று நினைத்து மூன்று வாரம் விட்டுவிட்டோம். பிறகு எடுத்த எக்ஸ்-ரேயில் டி12 எனப்படும், மார்புப் பகுதியின் கடைசி முள்ளெலும்பின் முன்பக்கம் கால் பங்கு அமுங்கியிருப்பதாக வந்தது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் முதுகுக்கு மைனஸ் 1.8, இடுப்புக்கு மைனஸ் 2.2. ‘அடர்த்தி சற்றுக் குறைவு, எலும்புப்புரை இல்லை’ என்று ரிப்போர்ட் சொல்கிறது. கால்சியம் மாத்திரையும் வலி மாத்திரையும் சாப்பிடுகிறார். வாரம் ஒரு முறை போடும் எலும்பு மாத்திரையை ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தார். தாடை எலும்பு அழுகிவிடும் என்று படித்துப் பயந்து தொடங்கவே இல்லை. அம்மாவுக்கு ஆஸ்துமா உண்டு, வருடத்தில் மூன்று நான்கு முறை ஸ்டீராய்டு மாத்திரை போட வேண்டியிருக்கும். சில வருடங்களில் உயரம் ஐந்து சென்டிமீட்டர் குறைந்துவிட்டது. எழுந்து நடந்தால் இன்னொரு எலும்பு உடையும் என்று படுத்தே இருக்கிறார். என்ன செய்வது? எனக்கு 43 வயது, போன வருடமே மாதவிலக்கு நின்றுவிட்டது. எனக்கும் இப்படி வருமா?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு செய்திகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. வாளியைத் தூக்கியதில் முள்ளெலும்பு அமுங்கியது என்பது ஒன்று. எலும்புப்புரை இல்லை என்பது இன்னொன்று. நல்ல எலும்பு ஒரு வாளிக்கு உடையாது. விபத்தோ உயரத்திலிருந்து விழுந்ததோ இல்லாமல், அன்றாட வேலையில் முதுகெலும்பு முறிந்தால், ஸ்கேன் எண் எதுவாக இருந்தாலும் அது ஆஸ்டியோபோரோசிஸ் எனப்படும் எலும்புப்புரைதான். வேறு நோயால் முறியவில்லை என்று மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும், அதற்குப் பிறகு வருகிறேன். ஆக, உங்கள் அம்மாவுக்குச் சிகிச்சை தேவையா என்ற கேள்விக்குப் பதில், தேவை. அதுவும் இந்த மாதமே.

அப்படியானால் ரிப்போர்ட் பொய்யா? பொய் இல்லை. மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் என்றால் எலும்புப்புரை என்ற கோட்டை உலக சுகாதார நிறுவனம் 1994-ல் போட்டது. ஆரோக்கியமான இளம் வயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிட்டு வரும் எண் அது. கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பது உண்மை. ஆனால் எலும்பு முறிந்து எங்களிடம் வருபவர்களில் நிறையப் பேர் அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பவர்கள். ஸ்கேன் அளப்பது எலும்பில் எவ்வளவு தாது இருக்கிறது என்பதை. அந்தத் தாது எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை அது சொல்லாது.

முள்ளெலும்பின் உட்புறம் பெரும்பாலும் சல்லடை போன்ற எலும்பால் ஆனது. மேலிருந்து கீழாக நிற்கும் மெல்லிய தூண்களும் அவற்றைக் குறுக்கே பிணைக்கும் இழைகளும் கொண்ட அமைப்பு அது. வயது ஏறும்போது குறுக்கு இழைகள்தான் முதலில் அறுந்து போகின்றன. கட்டடச் சாரத்தில் குறுக்குக் கம்புகளை மட்டும் உருவிவிட்டால் நெட்டுக் கம்புகள் நின்றுகொண்டுதான் இருக்கும், பாரம் ஏறும்போது வளைந்து மடியும். அம்மா குனிந்து எடையைத் தூக்கியபோது டி12-ன் முன்பக்கத்தில் நடந்தது அதுதான். விறைப்பான மார்புக்கூட்டுப் பகுதியும் வளைந்து கொடுக்கும் கீழ் முதுகுப் பகுதியும் சந்திக்கும் இடம் என்பதால், முதுகெலும்பு முறிவுகள் மிக அதிகம் ஏற்படும் இடங்களில் டி12 ஒன்று.

உங்கள் அம்மாவின் முதுகு ஸ்கோர் இடுப்பு ஸ்கோரைவிட நன்றாக இருப்பதையும் நான் அப்படியே நம்ப மாட்டேன். டெக்ஸா ஸ்கேனில் முதுகு என்று அளப்பது கீழ் முதுகு முள்ளெலும்புகளான எல்1 முதல் எல்4 வரை. உடைந்த டி12 அந்தக் கணக்கிலேயே சேரவில்லை. அறுபதைத் தாண்டிய பலருக்கு இந்தக் கீழ் முதுகு முள்ளெலும்புகளின் ஓரத்தில் தேய்மானத்தால் எலும்பு முளைத்திருக்கும், முன்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாயின் சுவரில் சுண்ணாம்பு படிந்திருக்கும். இவையெல்லாம் படத்தில் சேர்ந்து விழுந்து எண்ணை உயர்த்திக் காட்டும். போதாததற்கு ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு ஸ்கோர் சுமாராக இருக்கும்போதே எலும்பு முறியும்.

இனி நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஐந்து சென்டிமீட்டர். என்னை நிமிர்ந்து உட்காரவைத்த வரி அதுதான். டி12 முள்ளெலும்பின் உயரமே ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர்தான். அதில் முன்பக்கம் கால் பங்கு அமுங்கினால் போவது அரை சென்டிமீட்டர் சொச்சம். மீதி எங்கே போயிற்று? முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் மெலிவதாலும் கூன் விழுவதாலும் கொஞ்சம் போயிருக்கலாம். ஆனால் இளமை உயரத்திலிருந்து நான்கு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்தால், தெரியாமல் முறிந்த முள்ளெலும்புகள் வேறு இருக்கின்றனவா என்று தேட வேண்டும். முதுகெலும்பு முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு, முறிந்த நேரத்தில் யாருக்கும் தெரியாமலே போகின்றன. ‘வயசானா முதுகு வலிக்கத்தானே செய்யும்’ என்று நாமே அதை மூடிவிடுகிறோம்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அம்மாவைக் குதிகால் சுவரைத் தொடும்படி நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள், முகம் நேராகப் பார்க்கட்டும். பின்மண்டை சுவரில் படுகிறதா? படாமல் இடைவெளி இருந்தால் மேல் முதுகில் வளைவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம், அவர் நிற்கும்போதே பக்கவாட்டில் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் விளிம்புக்கும் நடுவே உங்கள் விரல்களை வைத்துப் பாருங்கள். இரண்டு விரல்கூட நுழையவில்லை என்றால் கீழ் முதுகு சுருங்கியிருக்கக்கூடும். இரண்டில் எது இருந்தாலும், மார்புப் பகுதியும் கீழ் முதுகும் சேர்ந்த முழு முதுகெலும்புக்குப் பக்கவாட்டு எக்ஸ்-ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இல்லாவிட்டாலும் கேளுங்கள், உயரக் குறைவு ஒன்றே போதுமான காரணம். எது பழைய முறிவு, எது புதியது என்று குழப்பம் வந்தால் எம்.ஆர்.ஐ. அதைத் தெளிவாக்கிவிடும்.

இத்தனை அவசரம் ஏன் என்று கேட்பீர்கள். ஒரு முதுகெலும்பு முறிந்த பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அடுத்த ஓராண்டுக்குள் இன்னொன்று முறிகிறது. இடுப்பெலும்பு முறியும் ஆபத்தும் கூடுகிறது. ஒன்றிரண்டு முள்ளெலும்புகள் ஆப்பு வடிவில் அமுங்கினால் உடலின் பாரம் முன்னால் சாயும், அந்தச் சாய்வே பக்கத்து எலும்புகளின் மேல் சுமையை ஏற்றும். கூன் கூடக் கூட நுரையீரல் விரிய இடம் குறையும். உங்கள் அம்மாவுக்கு ஆஸ்துமா வேறு. வயிறு அழுத்தப்பட்டுக் கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துபோகும், நெஞ்செரிச்சல் வரும். இந்த வரிசை தொடங்கிய பிறகு பின்னோக்கித் திருப்ப முடியாது. தொடங்கும் முன் தடுக்கலாம், அதற்கு மருந்து இருக்கிறது. அந்த மருந்தைத்தான் நீங்கள் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறீர்கள்.

தாடை எலும்பு விஷயத்துக்கு வருவோம். பயம் அர்த்தமில்லாதது அல்ல, அப்படி ஒரு பக்கவிளைவு உண்மையிலேயே உண்டு. ஆனால் அது அதிகம் காணப்படுவது, எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்காக இதே வகை மருந்துகளைப் பல மடங்கு அதிக அளவில், மாதந்தோறும் ஊசியாகப் பெறுபவர்களிடம். எலும்புப்புரைக்குக் கொடுக்கும் அளவில் அது ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒருவர் முதல் லட்சத்தில் ஒருவர் வரைக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மருந்து எடுக்காமல் இருந்தால் ஓராண்டில் இன்னொரு முள்ளெலும்பு முறியும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். என் தாயாக இருந்தால் நான் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட மாட்டேன். பல் மருத்துவரிடம் ஒரு முறை காட்டி, பிடுங்க வேண்டிய பல் ஏதாவது இருந்தால் அதை முடித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. பிறகு எப்போது பல் சிகிச்சைக்குப் போனாலும் இந்த மருந்து எடுப்பதைச் சொல்ல வேண்டும்.

எழுதிக் கொடுத்தது அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராமாக இருக்கும் என்று நினைக்கிறேன். 1996-ல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில், ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்த பெண்களையே எடுத்துக்கொண்டார்கள். மூன்று ஆண்டுகளில் புதிதாக முறிந்தது, மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 100-க்கு 15 பேருக்கு. அலென்ட்ரோனேட் எடுத்தவர்களில் 8 பேருக்கு. ஏறக்குறைய பாதி. ஆனால் சாப்பிடும் முறை தவறினால் மருந்து உடம்பில் ஏறவே ஏறாது. வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். காபியோ பாலோ கூடாது. அடுத்த அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், படுக்காமல், நிமிர்ந்து உட்கார்ந்தோ நடந்தோ இருக்க வேண்டும். படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கிவிடும். கால்சியம் மாத்திரையை அன்று சாப்பாட்டு நேரத்துக்குத் தள்ளிவிடுங்கள், சேர்த்துப் போட்டால் எலும்பு மாத்திரை வீண்.

இப்போது அவர் இருக்கும் நிலையில் அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார முடியாது என்றாலோ, விழுங்குவதில் சிரமமோ நெஞ்செரிச்சலோ இருந்தாலோ, சோலெட்ரோனிக் அமிலம் என்ற ஊசி இருக்கிறது. 5 மில்லிகிராம், வருடத்துக்கு ஒரு முறை, குறைந்தது கால் மணி நேரம் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். முதல் முறை போட்ட மறுநாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், ஓரிரு நாளில் போய்விடும். பயந்துவிடாதீர்கள். இந்த இரண்டு மருந்துக்குமே சிறுநீரகம் ஓரளவு நன்றாக வேலை செய்ய வேண்டும், ரத்தத்தில் கால்சியமும் வைட்டமின் டி-யும் முன்கூட்டியே சரியாக இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் ஊசியும் நல்ல மருந்துதான். ஆனால் அதைத் தொடங்கினால் தேதி தவறவே கூடாது. நடுவில் நிறுத்தினால் எலும்பு வேகமாகக் கரைந்து, ஒரே நேரத்தில் பல முள்ளெலும்புகள் முறிந்த நோயாளிகள் உண்டு. நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் அதற்குப் பதிலாக வேறு மருந்தைக் கொடுத்துத்தான் நிறுத்துவோம்.

முழு எக்ஸ்-ரேயில் இரண்டாவது, மூன்றாவது முறிவு தென்பட்டால் என் யோசனை மாறும். அப்போது கரைவதைத் தடுக்கும் மருந்தைவிட, புது எலும்பைக் கட்டும் டெரிபாராடைட் ஊசியை முதலில் கொடுப்பது நல்லதா என்று எலும்பு மருத்துவரிடமோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடமோ கேளுங்கள். தினமும் வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் ஊசி அது, பொதுவாக அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள். முறிவு ஏற்கெனவே உள்ள பெண்களிடம் அதையும் வாராந்தர மாத்திரையான ரைசெட்ரோனேட்டையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், இரண்டு ஆண்டில் புதிய முதுகெலும்பு முறிவு மாத்திரைக் குழுவில் 12 சதவீதம், ஊசிக் குழுவில் 5.4 சதவீதம். ஊசி முடிந்ததும் மாத்திரைக்கு மாற வேண்டும், இல்லாவிட்டால் கட்டிய எலும்பு திரும்பவும் கரைந்துவிடும்.

கால்சியமும் வைட்டமின் டி-யும் வேண்டும்தான். அம்மாவின் வயதில் உணவும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம், 800 முதல் 1,000 யூனிட் வைட்டமின் டி போதும். ஆனால் எலும்பு உடைந்த பிறகு இவை மட்டும் சிகிச்சை ஆகாது.

முறிவுக்கு வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும் என்றேன் அல்லவா? ரத்தத்தில் கால்சியம், கிரியேட்டினின், அல்கலைன் பாஸ்பேடேஸ், வைட்டமின் டி, தைராய்டு, பாராதைராய்டு ஹார்மோன், ரத்த அணுக்கள், இ.எஸ்.ஆர்., இவற்றோடு மைலோமா என்னும் மஜ்ஜைப் புற்றுநோயைத் தேடும் புரத எலெக்ட்ரோபோரெசிஸ். இவை ஒரே நாளில் கொடுத்துவிடக்கூடிய பரிசோதனைகள். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, படுத்தாலும் இரவில் விடாத வலி இருந்தால் டாக்டரிடம் முதல் வேலையாகச் சொல்லுங்கள். கால்கள் பலமிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு தவறினாலோ அன்றே, எந்த நேரமானாலும், அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தண்டுவடமோ நரம்புகளோ நசுங்குவதன் அறிகுறி அது.

ஆஸ்துமா மருத்துவரையும் பாருங்கள். வருடத்தில் மூன்று நான்கு முறை ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்படுகிறது என்றால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை. தினசரி இன்ஹேலரைச் சரியாக எடுத்தால் மாத்திரைக்கு வேலையே இல்லாமல் போகலாம். இன்ஹேலரிலும் ஸ்டீராய்டு இருக்கிறதே என்று அதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், எலும்புக்கு அது செய்வது மாத்திரையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அடக்க முடியாத இருமல்கூட மெலிந்த முள்ளெலும்பை முறிக்கும் என்பதால் மூச்சு சீராக இருப்பது முதுகுக்கும் நல்லது. இப்யூபுரூபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சில ஆஸ்துமா நோயாளிகளுக்கு மூச்சுத்திணறலைத் தூண்டும். எந்த வலி மாத்திரை போகிறது என்று அட்டையைப் பார்த்துச் சொல்லுங்கள்.

படுக்கை. இதில் மட்டும் உங்கள் அம்மாவோடு நான் கொஞ்சம் பிடிவாதமாகவே பேசுவேன். முதல் சில நாள் படுத்திருந்தது சரி. ஏழு வாரம் அதிகம். பாரம் விழாத எலும்பு இன்னும் வேகமாகக் கரையும், தசை வற்றும், எழுந்து நிற்கும் நாளில் தள்ளாடி விழுவார். பெரும்பாலும் 6 முதல் 12 வாரங்களில் இந்த முறிவு ஆறிவிடும், அதனால் இப்போது நடப்பது முறிவைக் கெடுக்காது. எழும் விதத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மல்லாந்த நிலையிலிருந்து நேராக எம்பி எழக் கூடாது. முட்டிகளை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களிக்க வேண்டும். கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டே முழங்கையையும் கையையும் ஊன்றி உடம்பை உயர்த்த வேண்டும். இடுப்பு முறுக்கக் கூடாது, முதுகு வளையக் கூடாது. முதல் நாள் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். முதலில் அறைக்குள் ஐந்து நிமிடம், நாளுக்கு நான்கைந்து முறை. வாரம் ஆக ஆக நேரத்தைக் கூட்டலாம்.

குனிந்து தரையிலிருந்து எதையும் எடுக்க வேண்டாம். வாளியைப் பாதி நிரப்பி உயரமான முக்காலியில் வைத்தால் குனியவே வேண்டியதில்லை. காலைத் தொடும் பயிற்சி, படுத்தபடி தலையைத் தூக்கும் வயிற்றுப் பயிற்சி இரண்டும் கூடாது. 1984-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், முதுகைப் பின்னால் நிமிர்த்தும் பயிற்சி செய்த பெண்களில் 16 சதவீதம் பேருக்கும், முன்னால் வளையும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்கும் புதிய முறிவு வந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் அதற்குப் பிறகு இந்த நோயாளிகளுக்குக் குனியும் பயிற்சி சொல்லித்தர எனக்கு மனம் வராது. முதுகை நிமிர்த்தும் தசைகளுக்கான பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் நேரில் கற்றுக்கொள்ளட்டும்.

எலும்புக்குள் சிமென்ட் செலுத்தும் சிகிச்சையை யாராவது சொன்னால், உங்கள் அம்மாவுக்கு இப்போது அது தேவையில்லை. 2009-ல் வந்த இரண்டு ஆய்வுகளில், சிமென்ட் போட்டவர்களுக்கும், போடாமல் போட்டதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கும் வலி ஒரே அளவில்தான் குறைந்தது. மருந்துக்குச் சற்றும் அடங்காத வலிக்கு மட்டும் யோசிக்கலாம்.

கடைசியாக உங்களைப் பற்றி. அம்மாவுக்கு முறிந்ததால் உங்களுக்கும் முறியும் என்று இல்லை, ஓரளவு ஆபத்து கூடும், அவ்வளவே. என்னைக் கவலைப்படவைப்பது அது இல்லை, 42 வயதில் மாதவிலக்கு நின்றது. 45-க்கு முன் நின்றால் அதைச் சீக்கிரம் வந்த மெனோபாஸ் என்றே கொள்ள வேண்டும். எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் மற்றவர்களைவிடப் பல ஆண்டுகள் முன்பே உங்களுக்குக் குறைந்துவிட்டது, எலும்பு வேகமாகக் கரையும் ஆண்டுகள் இப்போதே ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்த வயதில் நின்ற பெண்களுக்கு, தடை ஏதும் இல்லாவிட்டால், இயல்பாக நிற்கும் சுமார் 50 வயது வரையாவது ஹார்மோன் சிகிச்சை கொடுப்பதுதான் வழக்கம். அம்மாவை அழைத்துப் போகும் வாரத்திலேயே மகப்பேறு மருத்துவரிடம் உங்களுக்கும் ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். கடைசி மாதவிலக்கு வந்த மாதம், கருப்பையிலோ சினைப்பையிலோ அறுவைச் சிகிச்சை நடந்திருந்தால் அந்த விவரம், உங்களுக்கோ நெருங்கிய உறவினருக்கோ மார்பகப் புற்றுநோயோ காலில் ரத்தக்கட்டோ வந்திருந்தால் அதுவும், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஹார்மோன் தரலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க அவருக்கு இவை தேவை. டெக்ஸா ஸ்கேன் இப்போதே எடுக்க வேண்டுமா என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.